பூவாயி விட்ட கொட்டாவி

சத்தியம்! காதுல நல்லா வாங்கிக்க கண்ணு, சத்தியம்! நான் சொல்லப் போறதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் என் மீசை இந்தத் தலகாணியிலயே உதிர்ந்து விழட்டும். என்ன சிரிப்பு? வேணும்னா இழுத்துப் பாரு. ஆ! மெதுவா! பாத்தியா, உதிரல. அப்ப நெசந்தானே? ம் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு கொட்டாவி இருந்துச்சு. ராசா இல்ல, ராணி இல்ல, சிங்கம் புலி இல்ல. கொட்டாவி. அது குடியிருந்தது பூவாயின்னு ஒரு பொண்ணோட வாயில. மலையடிவாரத்து ஊரு. மேல பாத்தா காப்பித் தோட்டம், கீழ பாத்தா நெல்லு வயலு, நடுவுல ஒரு ஊருணி. ஊரே குடிக்கிற தண்ணி அதுல.

அந்தப் பூவாயி கொட்டாவி விட்டான்னு வச்சுக்க, "ஆஆஆ"ன்னு அது காத்து மாதிரி கிளம்பும். முதல்ல பக்கத்துல இருக்கிறவன் வாயைப் பொளப்பான். அப்புறம் அவனுக்குப் பக்கத்துல இருக்கிறவன். அப்புறம் மாடு. அப்புறம் மாட்டு மேல உக்காந்திருக்கிற காக்கா. எல்லாம் அப்படியே கண்ணை மூடி, கொர்ர்ர்... கொர்ர்ர்...

ஒரு தடவை டவுன் பஸ்ஸுல ஏறி உக்காந்தா. பஸ்ஸு நல்லவேளை இன்னும் கிளம்பல. ஒரே கொட்டாவி. டிரைவர் தூங்கிட்டாரு, கண்டக்டர் தூங்கிட்டாரு. வாயில இருந்த விசில் மட்டும் மூச்சுக்கு மூச்சு "பீ... பீ..."ன்னு ஊதிக்கிட்டே இருந்துச்சு, சாயங்காலம் வரைக்கும்.

ம்?

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கொட்டாவி வந்தா வாய்க்கு முன்னாடி டக்கு டக்குனு சொடக்கு போடணும். இல்லேன்னா திறந்த வாய்க்குள்ள ஈ போயிரும், பேய் போயிரும்னு பயம். பூவாயியும் போடுவா. ஆனா அவ கொட்டாவிக்கு அந்தச் சொடக்கு, ஆத்து வெள்ளத்துக்கு நாணல் தட்டி கட்டின மாதிரி.

ஊரு அவளுக்கு வேற பேரு வச்சுச்சு. பூவாயி போயி கொட்டாவாயி. "ஏய், கொட்டாவாயி வர்றா, பாயை விரிங்கடா!"ன்னு எளவட்டங்க கத்தும். அவளும் சிரிப்பா. வீட்டுக்குப் போயி சிரிக்க மாட்டா.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஆடி மாசம் நடவு நடுவாங்க பாரு, பொம்பளைங்க எல்லாம் ஒரே வரிசையா நின்னு, நாக்கைச் சுழட்டி "உலுலுலுலு"ன்னு குலவை போடுவாங்க. அந்தக் குலவை முடியவும் ஒருத்தி முதல் நாத்தை ஊனுவா. அந்த வரிசையில நானும் நிக்கணும்னு ஆசை. நின்னா. குலவை கிளம்புச்சு. அப்போ பாத்து இவளுக்குக் கொட்டாவி வந்துச்சு. "உலுலுலு" அப்படியே இறங்கி "உலு... லு... கொர்ர்ர்". பதினேழு பொம்பளைங்க, குனிஞ்சது குனிஞ்சபடி, சேத்துக்குள்ள நின்னுக்கிட்டே தூக்கம்! கொக்கு ஒண்ணு வந்து ஒருத்தி முதுகுல முட்டை வச்சிட்டுப் போச்சு. சத்தியம்.

நடவுக்குத் தலைவி ஒச்சம்மா. கட்டையான உருவம், உருட்டு முழி, பேச்சு மட்டும் அரிவாள். சேத்தை வழிச்சுக்கிட்டு எந்திரிச்சவ சொன்னா: "ஏண்டி, இது வயலா, உன் மடியா? போ. அந்த எழவுக் கொட்டாவியை அடக்கிட்டு வா. அடுத்த ஆடிக்கு முதல் நாத்து உன் கையிலதான். அடக்கலேன்னா இந்த வரப்புல கால் வைக்காத."

பூவாயி என்ன பண்ணுவா? மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கு மேல, மலைச்சரிவுல, ஒரு சுனை ஓரமாக் கிடந்த குடிசைக்குப் போயிட்டா.

முதல்ல, சீலைத் தலைப்பைச் சுருட்டி வாயில அடைச்சா. கொட்டாவி விடுமா? காது வழியா வந்துச்சு! மேல பறந்த கிளி எல்லாம் பொத்து பொத்துன்னு விழுந்து, புல்லுல குறட்டை விட்டுச்சு.

அப்புறம், காஞ்ச மிளகாயைக் கடிச்சுப் பாத்தா. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. கொட்டாவி அப்பவும் வந்துச்சு, காரமா. அந்தப் பக்கமா வந்த ஆட்டு மந்தை மொத்தமும் தூங்கிக்கிட்டே தும்முச்சு. கொர்ர்... அச்சு! கொர்ர்... அச்சு!

மூணாவதா சொடக்கு. ஆனா சும்மா இல்ல. கொட்டாவி நெஞ்சுல கிளம்பி, தொண்டையில ஏறி, தாடை தளர்ற அந்த ஒரு நொடி இருக்கு பாரு, அதைப் பிடிக்கணும். முன்னாடி போட்டாலும் வீண், பின்னாடி போட்டாலும் வீண். போட்டா, போட்டா, போட்டுக்கிட்டே இருந்தா. விரல் காச்சுப்போச்சு. மழை வந்துச்சு, போச்சு. பனி வந்துச்சு, போச்சு. ஒருநாள்... டக்! கொட்டாவி அறுந்து, திரும்ப வயித்துக்குள்ள போயிருச்சு. மரத்துல இருந்த கிளி அவளை ஒரு மாதிரியா பாத்துச்சு. அதுக்குத் தூக்கம் வரல.

செயிச்சுட்டா! ஆனா கண்ணு, அறுந்த கொட்டாவி எல்லாம் உள்ள சேருதுல்ல? நடந்தா தளும்பும். குளுக்... குளுக்... ஒருநாள் சுனைத் தண்ணியில தன் மூஞ்சியைப் பாத்தா. வாயி இறுகி, பூட்டுப் போட்ட மாதிரி இருந்துச்சு. 'யாரு இது?'ன்னு நெனச்சா. அப்புறம், 'யாரா இருந்தா என்ன, ஆடி வந்தா எனக்கு நடவு'ன்னு தண்ணியைக் கலக்கி விட்டுட்டா.

ம்? தூங்கிட்டியா? சரி, சரி, முழிச்சுத்தான் இருக்கே.

இப்ப ஊருக்கு வா. ஆடிக்குப் பத்து நாள் முன்னாடி, மலையிலருந்து காப்பித்தூள் மூட்டை ஏத்தின லாரி ஒண்ணு வளைவுல திரும்புச்சு. கயிறு அறுந்துச்சு. அறுபது மூட்டை! உருண்டு, உருண்டு, தொபுக்! தொபுக்! தொபுக்! எல்லாம் ஊருணியில. தண்ணி கன்னங்கரேர்னு ஆயிருச்சு. வெயில்ல வெதுவெதுன்னு வாசனை கிளம்புச்சு.

வேற ஊரா இருந்தா தண்ணியை இறைச்சு வெளிய ஊத்தியிருப்பாங்க. இந்த ஊரு ஆளுங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா? ஊர்த்தலைவர் மொக்கராசு கரையில நின்னு, ஒரு கை அள்ளிக் குடிச்சுப் பாத்து, "கொஞ்சம் கசக்குது. வெல்லத்தைக் கொண்டாங்கடா!"ன்னாரு.

வண்டி வண்டியா வெல்லம். குடம் குடமாப் பாலு. ஏத்தக் கோலால கலக்கி விட்டாங்க. ஊருணியே நுரை கட்டிச்சு! ஊரே டம்ளரோட வந்து வரிசையில உக்காந்துச்சு. ஆளுக்கு மூணு டம்ளர், நாலு டம்ளர். குளிச்சதும் அதுலதான். சோறு பொங்குனதும் அதுலதான்.

அன்னிக்குப் போன தூக்கம் திரும்பி வரல. ஒருநாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, ஒம்பது நாள்! முதல்ல குஷிதான். உழுத வயலைத் திரும்ப உழுதாங்க. வேய்ஞ்ச கூரையைத் திரும்ப வேய்ஞ்சாங்க. நாவிதர் ஒரே ஆளுக்கு ஏழு தடவை சவரம் பண்ணிட்டு, ஆள் கிடைக்காம வெள்ளரிக்காய்க்குச் சவரம் பண்ணுனாரு. ஆனா அஞ்சாம் நாளு சிரிப்பு நின்னுபோச்சு. அண்ணனும் தம்பியும் யாரு நிழல் பெருசுன்னு அடிச்சுக்கிட்டாங்க. நாத்தைத் தலைகீழா, வேரு மேல தெரிய நட்டாங்க. தாய்ப்பாலுலயும் காப்பி இறங்கி, கைக்குழந்தைங்க கண்ணைக் கொட்டாமக் கிடந்துச்சுங்க. அழுது அழுது அதுகளுக்குக் குரலே இல்ல.

அப்போ, ஆடி முதல் நாளு காலையில, பூவாயி இறங்கி வந்தா. அவ குடிச்சதெல்லாம் சுனைத் தண்ணி, அதனால அவளுக்கு ஒண்ணும் இல்ல. தலையை வாரி, புதுச் சீலை கட்டி, சொடக்கு விரலைத் தயாரா வச்சுக்கிட்டு வந்தா. வயல்ல குலவை கேக்கும்னு நெனச்சா. கேக்கல.

ஒச்சம்மா வரப்புல உக்காந்திருந்தா. கண்ணு ரெண்டும் செம்பருத்தி. மடியில அவ பேத்தி, மூணு மாசக் குழந்தை.

"ஒச்சம்மாக்கா, அடக்கிட்டேன்! வந்தா பாருங்க, டக்குனு அறுத்துருவேன்."

"வந்தியாடி,"ன்னா ஒச்சம்மா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. விரட்டினவளாச்சே, கேக்க அவளுக்கு வாய் வரல.

ஆனா மொக்கராசு ஓடி வந்து, ஊருணியில விழுந்த காப்பி, தான் போடச் சொன்ன வெல்லம், ஒம்பது நாளாத் தூங்காத ஊரு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டுனாரு. "ஆத்தா, மகமாயி! ஒரே ஒரு கொட்டாவி. சின்னதா இருந்தாலும் போதும்!"

பூவாயிக்குச் சுருக்குனு ஏறுச்சு. "இப்ப ஆத்தாவா? கொட்டாவாயி எங்க போனா? ஒரு வருசமா விரல் தேயத் தேய அடக்கி வச்சிருக்கேன். இதைத் திறந்தா மறுபடி மூடுமோ மூடாதோ. அப்புறம் உங்க வயல்ல என்னை நிக்க விடுவீங்களா?"

மொக்கராசு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. காத்து மட்டும் அந்தத் தலைகீழ் நாத்து மேல போச்சு, உஸ்ஸ்ஸ்...

அப்போ அந்தக் குழந்தை திரும்பி அவளைப் பாத்துச்சு. மூஞ்சியை இல்ல. வாயை. ஒம்பது நாளாத் தூங்காத கண்ணால அவ வாயையே பாத்துச்சு, பாலுக்குப் பாக்கிற மாதிரி.

பூவாயிக்கு நெஞ்சுல கிளம்புச்சு. தொண்டைக்கு வந்துச்சு. விரலு தானா வாய்க்கு முன்னாடி போச்சு. தாடை தளர்ற அந்த ஒரு நொடி... விரலை நிறுத்திட்டா. அது வரட்டும்னு விட்டுட்டா. "ஆ..." ஒரே ஒரு துளி, வெளிய வந்ததும், டக்! மீதியை அறுத்துட்டா.

குழந்தை வாயைப் பொளந்துச்சு, சின்னதா, மொட்டு விரியற மாதிரி. கண்ணு சொருகுச்சு. தூங்கிருச்சு. குழந்தை மட்டும். மடியில வச்சிருந்த ஒச்சம்மா கூடத் தூங்கல.

பூவாயி தன் விரலைப் பாத்தா. அட, இது பூட்டு இல்ல. இது கத்திரி! எவ்வளவு வேணுமோ அவ்வளவு வெட்டிக் குடுக்கலாம்!

அப்புறம் என்ன? வீடு வீடாப் போனா. கைக்குழந்தைக்கு ஒரு துளி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஒரு சாண். பெரியவங்களுக்கு ஒரு முழம். சண்டை போட்ட அண்ணன் தம்பிக்கு நடுவுல நின்னு ஆளுக்குப் பாதி. மொக்கராசு வந்தாரு. "நீங்கதானே வெல்லம் போடச் சொன்னது?"ன்னு கேட்டுட்டு, அவருக்கு மட்டும் அறுக்காம நீளமா விட்டா. ஆஆஆஆஆ... அவரு விழுந்த இடத்துலயே ஒரு வாரம்.

பட்டப்பகல்ல ஊரே தூங்குச்சு கண்ணு. மாடு தூங்குச்சு. கோழி தூங்குச்சு. புகை கூட கூரை மேல சாஞ்சு தூங்குச்சு...

ம்...

முழிச்சிருந்தது பூவாயி ஒருத்திதான். மெதுவா நடந்தா. வெயில்ல கிடந்தவங்களை நிழலுக்கு இழுத்துப் போட்டா. குழந்தைங்களுக்கு ஈ விரட்டினா. மடையைத் திறந்து ஊருணிக் காப்பியை வாய்க்கால்ல விட்டா. அப்புறம் வயல்ல இறங்கி, தலைகீழா நின்ன நாத்தை ஒண்ணொண்ணா எடுத்து, நேரா நட்டா. முதல் நாத்து அவ கையில. குலவை போட யாரு இருக்கா? ஊரு மொத்தமும் விட்ட குறட்டைதான். கொர்ர்ர்... கொர்ர்ர்... அவளுக்கு அதுவே குலவையாக் கேட்டுச்சு.

மூணு நாளு நட்டா. காப்பி குடிச்ச நாத்து, அதுவும் தூங்காம வளர்ந்துச்சு. அவ வரப்புல ஏறிப் பாக்கையில இடுப்பு உயரம்.

அப்போதான் அவளுக்குத் தெரிஞ்சுச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் குடுத்துட்டா. தனக்குன்னு ஒரு கொட்டாவி கூட மிச்சம் இல்ல. உடம்பு கெஞ்சுது, தூக்கம் வரல.

வரப்பு மேல யாரோ நடந்து வந்தாங்க. ஒச்சம்மா. முதல்ல முழிச்சவ அவதான். நேரா நிக்கிற நாத்தைப் பாத்தா. பூவாயி விரலைப் பாத்தா. பக்கத்துல உக்காந்து, அவ தலையை எடுத்து தன் மடியில வச்சுக்கிட்டா.

"பூவாயி," அப்படின்னா. "நானும் ஒண்ணு விட்டுப் பாக்கட்டுமாடி?"

விட்டா. ரொம்ப சாதாரணக் கொட்டாவி. கோணலா, பல்லு போன வாயில. பழக்கத்துல ஒச்சம்மாவோட வலது கை சொடக்கு போட எந்திரிச்சுச்சு. இடது கை அதைப் பிடிச்சுக்கிச்சு.

பூவாயி வாயி மெல்லத் திறந்துச்சு. பூ மாதிரி. தூங்கிட்டா.

அன்னியிலருந்து அந்த ஊர்ல கொட்டாவிக்கு யாரும் சொடக்கு போடுறதில்ல. யாருக்காவது தூக்கம் வரலேன்னா அவ வாசல்ல போயி உக்காருவாங்க. கொட்டாவாயின்னு இப்ப யாரும் கூப்பிடுறதில்ல. அவளே சில நேரம் சொல்லிக்குவா, சிரிச்சுக்கிட்டு. வீட்டுக்குப் போயும் சிரிப்பா.

கொட்டாவி போச்சு மலைக்கு, கதை போச்சு தலகாணிக்கு... ஆஆஆ... பாத்தியா, எனக்கே வந்துருச்சு.

கண்ணு? ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு யாராவது கேட்டா, இதை நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத. ஊருணியில வெல்லம் போட்டதை வெளிய விடக்கூடாதுன்னு மொக்கராசு என்கிட்ட சூடம் அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காரு...

ம் காணோம். சரி. சொல்ல மாட்டே.