கிங்கிலிச் சுரம்

முன்னொரு காலத்தில் மேகவடி நாட்டை உதயகம்பன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மகா கோபக்காரன். அவன் சபையில் 'தெரியாது' என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் நாக்கை அறுத்துவிடுவார்கள். மழை எப்போது வரும் என்று கேட்டதற்கு அப்படிச் சொல்லிவிட்ட சோதிடர், பாவம், இப்போது அரண்மனை வாசலில் ஊமையாக நின்று கதவு திறக்கிறார். அதனால் அந்தச் சபையில் எல்லோருக்கும் எல்லாமே தெரியும்!

போன மாசியில் மூத்த இளவரசி காய்ச்சலில் இறந்துபோனாள். இப்போது இளையவள் பூங்கோதையும் அதே காய்ச்சலில் கிடந்தாள். ராஜவைத்தியர் மருதீசர் அக்காவுக்குக் கொடுத்த அதே பஸ்பத்தைச் சபையிலேயே தேனில் குழைக்க உட்கார்ந்ததும் அமைச்சர் சடையப்பர் அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். பஸ்பம் உள்ளே போன பிறகுதான் மூத்தவளுக்கு வாயில் நுரை தள்ளியது. கண்ணால் கண்டவர் அவர். ஆனால் குறை சொன்னால், 'சரியான மருந்து எது?' என்று ராஜா கேட்பான். அது அவருக்கும் தெரியாதே!

மெல்ல எழுந்தார். "வைத்தியரே, இது கிங்கிலிச் சுரம் என்கிறார்களே, உண்மையா?"

"ஆஹா, அதேதான்! அமைச்சருக்கே தெரிந்த சங்கதி எனக்குத் தெரியாமல் போகுமா? கிங்கிலிக்கு இந்தப் பஸ்பம்தான் கைகண்ட மருந்து."

"மூத்த இளவரசிக்கு வந்ததும்?"

"சாட்சாத் கிங்கிலியேதான்!"

சடையப்பர் ராஜாவின் பக்கம் திரும்பினார். "மகாராஜா, அப்படி ஒரு சுரமே உலகத்தில் கிடையாது. வரும் வழியில் பல்லக்கில் உட்கார்ந்து நானே கட்டிய பெயர்."

வைத்தியர் கையிலிருந்த பஸ்பக் கிண்ணம் உருண்டது. ராஜா வாளை உருவிக்கொண்டு பாய்ந்தான். "என் மகளைக் கொன்றாயே, பாவி!"

"தெரியாது என்றால் நாக்கு போய்விடுமே, மகாராஜா! எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே!" என்று அலறினார் மருதீசர்.

ஓங்கிய வாள் அப்படியே நின்றது. "சடையப்பா, இவளுக்கு என்னதான் மருந்து?"

சடையப்பர் துணிந்து சொன்னார்: "தெரியாது, மகாராஜா. எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்கள் கை வைக்காமல் இருந்தால் ஒருவேளை குழந்தை பிழைக்கும்."

ராஜா வாளைக் கீழே போட்டான். மருதீசருக்குத் தான் போட்டிருந்த தங்கக் காப்பைக் கழற்றி, வாசலில் நின்ற ஊமைச் சோதிடருக்கு மாட்டிவிட்டான். நாக்கைத் திருப்பித் தரத்தான் வழியில்லை. சடையப்பருக்கு என்ன பரிசு என்கிறீர்களா? நாக்கு தப்பியதே பெரிது!

கஞ்சித் தண்ணீரும் ஈரத்துணியுமாகப் பூங்கோதை பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்ததும் கேட்டாள்: "அக்கா ஏம்ப்பா செத்துப்போனா?"

இனி அந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் 'தெரியாது' என்று சொல்லலாம். ராஜாவும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தான். பக்கத்தில் நின்ற சடையப்பர் தலையைக் குனிந்துகொண்டார். ராஜாவுக்கு அந்தச் சொல் வரவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.