மதகுத் தண்டின் இரண்டு முனை

ஹவில்தார் கலியமூர்த்தி பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். மனைவி போனபிறகு ஏரிக்கரை மடத்துக்கு வந்து சீடராகச் சேர்ந்துகொண்டார். மடத்துத் தலைவி தையல்நாயகி அம்மாளுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. இருந்தால் என்ன? அம்மா சொன்னால் அவருக்கு அது உத்தரவு. மடத்தில் அவருக்கு ஒரே ஒரு தலைவலிதான் இருந்தது. அதன் பெயர் மாசிலாமணி.

மாசிலாமணி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அவரும் சீடர். ஹவில்தார் கஞ்சி என்றால் அவர் சோறு என்பார். ஹவில்தார் இன்றைக்குக் கிணறு தூர் வாரலாம் என்றால், அவர் நாளைக்குத்தான் நல்லது என்பார். ஆள் கெட்டவர் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது.

ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஹவில்தார் பொறுக்க மாட்டாமல் அம்மா முன்னால் வந்து விறைப்பாக நின்றார்.

“அம்மா, ஒரு மடத்துல ரெண்டு பேர் ஆளுக்கொரு திக்குல போனா அந்த மடம் உருப்படுமா?”

“யாரு அப்படிப் போறது?”

“வேற யாரு? அந்தக் கண்டக்டர்தான். நான் கிழக்கேன்னா மேற்கேங்கிறாரு. ஒண்ணு அவர் இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும். இன்னிக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க.”

அம்மா மாசிலாமணியைக் கூப்பிட்டார். ஹவில்தார் காது கேட்கவே சொன்னார்.

“இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் ஹவில்தார் என்ன சொன்னாலும் அப்படியே செய்யுங்க. எதிர்த்து ஒரு பேச்சு பேசக்கூடாது.”

“என்ன சொன்னாலுமா?”

“என்ன சொன்னாலும்.”

மாசிலாமணியின் முகம் சுருங்கிப்போயிற்று. ஹவில்தாருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

“அப்ப முடிவு, அம்மா?”

“பொழுது சாயட்டும், சொல்றேன்.”

மத்தியானம் ஊருக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. ஏரிக்கரையில் கசிவு! கரைக்குக் கீழே முப்பது வீடு. அதில் ஒன்று ஹவில்தாரின் மகள் வீடு. அவள் எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி.

ஊர் ஆட்கள் மணல் மூட்டையோடு கசிவைப் பார்க்க ஓடினார்கள். மதகைத் திறந்து தண்ணீரை வாய்க்காலில் விடுவது மடத்து ஆட்கள் வேலை. அந்த ஊரில் என்றைக்கும் அப்படித்தான். ஹவில்தாரும் மாசிலாமணியும் மதகு மேடைக்கு ஓட, அம்மா எண்ணெய் டப்பாவோடு பின்னால் வந்தார்.

மேடையின் நடுவில் மதகுக் கதவைத் தூக்கும் பெரிய திருகு நின்றது. அதன் தலையில் நெஞ்சுயரத்துக்கு நீளமான இரும்புத் தண்டு ஒன்று குறுக்கே செருகியிருந்தது. தண்டைச் சுற்றினால் கதவு மேலே வரும். ஒரு முனையில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். ஹவில்தார் தெற்கு முனையைப் பிடித்தார். மாசிலாமணி வடக்கு முனைக்குப் போனார். அம்மா தண்டுக்கு அடியில் குனிந்து, திருகை ஒட்டி உட்கார்ந்து எண்ணெய் விட்டார்.

பட்டாளத்தில் பீரங்கி வண்டி சேற்றில் மாட்டினால் அத்தனை பேரும் ஒரே திக்கைப் பார்த்து நின்று தள்ளுவார்கள். ஹவில்தாருக்கு அந்தப் பழக்கம்தான் முந்திக்கொண்டு வந்தது.

“கிழக்கே பார்த்து நில்லுங்க! ஒண்ணு, ரெண்டு... தள்ளு!”

மாசிலாமணி வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று, மூச்சைப் பிடித்துத் தள்ளினார்.

தண்டு அசையவில்லை.

“இன்னும் பலமா! ஒண்ணு, ரெண்டு...”

ம்ஹூம். இரண்டு பேர் கழுத்திலும் நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

“துரு ஏறிடுச்சா அம்மா?”

“இல்ல. எண்ணெய் நல்லா இறங்குது.”

“யோவ், தள்ளுய்யா! கீழ என் பொண்ணு இருக்கா!”

“நீங்க சொன்ன பக்கம்தான் உசிரைக் குடுத்துத் தள்ளறேன் ஹவில்தாரே. நீங்க தள்ளற அதே பக்கம்தான்.”

ஹவில்தார் தன் கையைப் பார்த்தார். தண்டின் மறுமுனையில் மாசிலாமணியின் கையைப் பார்த்தார். நடுவில் அசையாமல் நின்ற திருகைப் பார்த்தார். ஐயோ, இவ்வளவு நேரம் இந்த மனுஷனை என்னோடேயே மல்லுக்கட்ட விட்டிருக்கிறேனே!

“மாசிலாமணி,” என்றார். அந்த மடத்தில் அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “நீங்க திரும்பி நில்லுங்க. மேற்கே தள்ளுங்க.”

“நீங்க?”

“நான் கிழக்கேதான்.”

தண்டு முனகிற்று. ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு ஒரு சாண். பிறகு இருவரும் நடக்கவே ஆரம்பித்தார்கள். அரைச் சுற்று வந்தபோது ஹவில்தார் வடக்கு முனையில் நின்று மேற்கே தள்ளிக்கொண்டிருந்தார். தெற்கு முனையில் கண்டக்டர் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள். அடியில் தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் பாய்ந்தது.

சாயங்காலத்துக்குள் ஏரி இரண்டடி இறங்கிவிட்டது. கசிவும் அடைபட்டது. கீழே வீட்டு வாசலில் மகள் நின்று கையாட்டினாள். ஹவில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அம்மா எண்ணெய்க் கையைத் துடைத்தபடி எழுந்தார்.

“பொழுது சாஞ்சிடுச்சு. காலையில முடிவு கேட்டீங்களே, யாரை அனுப்பட்டும்?”

ஹவில்தார் தண்டின் மேல் கையை வைத்தார். பிறகு கேட்டார்.

“அம்மா, நான் ஒரு பக்கம் தள்ளினேன், அவர் எதிர்ப் பக்கம் தள்ளினார். கடைசி வரைக்கும் அப்படித்தானே இருந்தோம்?”

“முனையில நின்ன உங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும். நான் நடுவுல உட்கார்ந்திருந்தேன் ஹவில்தார். என் கண்ணுக்கு ரெண்டு பேரும் ஒரே பக்கமாத்தான் சுத்தி வந்தீங்க.”