நேரலையில் ஒரு மன்னிப்பு

தேர்தல் நேரம். எதிர்க்கட்சிக்காக வலைப்பூ எழுதிவந்த இசக்கிராணி, ஒரு டிவி சேனலைப் பற்றி, "இந்த டிவி மந்திரிக்குச் சாமரம் வீசுகிறது" என்று எழுதிவிட்டாள். அந்த டிவிக்காரர்கள் அவளை நேரலைக்கு அழைத்தார்கள்.

"இப்பவே நிரூபிங்க, இல்லேன்னா மன்னிப்புக் கேளுங்க. ரெண்டும் முடியாதுன்னா கோர்ட்டுல பார்ப்போம்!" என்று உறுமினார் நெறியாளர் ராஜமன்னார்.

இசக்கிராணி கும்பிட்டபடி சொன்னாள்: "மன்னிப்பே கேட்டுடுறேன் சார். அதுக்கு முன்னாடி, மந்திரி செஞ்ச தப்பு ஒண்ணே ஒண்ணு நீங்க சொல்லிடுங்க. நான் எழுதினது பொய்னு ஊரே ஒத்துக்கும்."

ராஜமன்னார் வாயைத் திறந்தார். அவர் காதிலிருந்த இயர்போனில் யாரோ கத்துவது அவளுக்கே கேட்டது.

"ஒரு சின்ன இடைவேளை!" என்றார்.

தயாரிப்பாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"மன்னிப்பு எப்போ சார் கேட்கணும்?" என்றாள்.

"மன்னிப்பும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். நீங்க கிளம்பினாப் போதும் தாயி!"

இசக்கிராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.