ஏழு நாள் கழிந்தன

எழினி பன்னிரண்டு வருஷம் உழைத்து எழுதிய காப்பியத்தை, வெள்ளோட்டமாகப் படித்தபோது, சபையில் வைத்தே ஒரு புலவர் கேலி செய்துவிட்டார். "இளவரசனை விடுங்கள் ஐயா, கூடவே வருகிறானே அந்தத் தோழன், அவனல்லவா தலைவன்!" என்றார். அரங்கேற்றத்துக்கு இன்னும் மூன்றே நாள்.

எழினி தன் ஆசிரியை வெண்ணியம்மையைத் தேடி மலையேறினான். ஏட்டுக்கட்டைச் சுமந்துகொண்டு நண்பன் குன்றனும் வந்தான். வந்தவன் வாசல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"தோழன் எங்காவது காப்பியத் தலைவன் ஆக முடியுமா அம்மா? முடியாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "படி."

படித்தான். இளவரசன் பறக்கும் யாளியோடு மோதினான். தோழன் முன்னால் ஓடி வழி பார்த்தான். யாளியின் மூச்சு பட்டு இளவரசன் வெள்ளைப் பாலையில் விழுந்தான். ஏழு நாள் கழிந்தன. கண் விழித்து நடந்தான். நொண்டி நொண்டிப் பின்னால் வந்தான் தோழன்.

"இந்த இடத்தில் சபை விழுந்து விழுந்து சிரித்தது அம்மா."

"முன்னால் ஓடியவன் ஏன் நொண்டுகிறான்?"

எழினி ஏட்டைத் திருப்பிப் பார்த்தான். "தெரியவில்லை. அந்த ஏழு நாளும் இளவரசனுக்கு நினைவில்லையே. நினைவில்லாததை எப்படி எழுதுவது?"

"யாளியைப் பார்த்திருக்கிறாயா?"

"அது கற்பனை."

"பாலை?"

"அது நிஜம். சொந்த ஊரிலிருந்து முதல்முறை உங்களிடம் வரும்போது உப்புவெளியில் காய்ச்சல் கண்டு விழுந்தேனே, அதைத்தான்..."

வாசல் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தான். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாகப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்த அந்த நொண்டல் நடை இப்போதுதான் காதில் விழுந்தது.

"அவனைக் கேட்டாயா?"

எழினி தலை கவிழ்ந்தான்.

"குன்றா, உள்ளே வா!"

குன்றன் காலை இழுத்துக்கொண்டு வந்தான். "முடிஞ்சுதாம்மா? கிளம்பலாமாடா? இறங்க என் காலுக்கு நேரமாகும்."

"உப்புவெளியில் அந்த ஏழு நாளும் என்ன நடந்தது? சொல்."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? கதை சொல்ல இவன் இருக்கான். எனக்கு உம் கொட்டத்தான் வரும்."

"இன்றைக்கு அதை இவன் செய்வான்."

குன்றன் கூச்சத்தோடு எழினியைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சொல்லத் தொடங்கினான்.

"மொத நாளே என் செருப்பு அறுந்துபோச்சு. இவன் செருப்பு என் காலுக்குப் பத்தலை. இவனைத் தோள்ல போட்டுக்கிட்டு வெறுங்காலோட உப்புல நடக்க ஆரம்பிச்சேன்..."

அங்கே நிறுத்தி, உம்முக்காகக் காத்திருந்தான்.

எழினி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

அம்மை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழினி, கதை நிற்கிறது."