ஒற்றைக் குடம்

"சாமி, எனக்குக் காவி கொடுங்க. இனிமே வீடு வாசல் வேண்டாம்."

கேட்டவர் மாசிலாமணி. ஐம்பது வயது. ஒரே மகன் காய்ச்சலில் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. மனைவி சௌந்தரத்திடம் ஒரு வார்த்தை சொல்லாமல், விடிந்ததும் விடியாததுமாக மலையேறி வந்துவிட்டார் மனுஷர்.

மலைமேல் இருந்த சாமிக்கு வயது அவரைவிடக் குறைவு. நாக்குதான் நீளம்.

"அப்படி என்ன கஷ்டம் உனக்கு?"

"பெத்த பிள்ளைக்குக் கொள்ளி வச்ச கை சாமி இது. எனக்கு வந்த மாதிரி யாருக்கும் வரல."

"சரி. கீழே சுனையில தண்ணி எடுத்துட்டு வா. காவி பிறகு."

காவடித் தண்டைக் கொடுத்தார். குடம் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார்.

அந்தப் பக்கத்தில் மலைக்குத் தண்ணீர் காவடியில்தான் ஏறும். தண்டின் இரண்டு முனையிலும் குடம், நடுவில் தோள். மாசிலாமணிக்கா தெரியாது? தெரியும். ஆனாலும் ஒற்றைக் குடத்தை ஒரு முனையில் கட்டிக்கொண்டு கிளம்பினார். துக்கம் மூளையையும் சேர்த்துத் தின்றிருந்தது.

சுனைப் படியில் ஒருத்தி, முந்தானையால் தலையை மூடி, முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நகரும்மா," என்றார். நகர்ந்தாள்.

பாதி வழியில் தண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீரெல்லாம் கொட்டியது. மறுபடி இறங்கினார்.

"இன்னும் இங்கேயேவா? உட்கார உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தார்.

மூன்றாம் தரம் தோள் உரிந்து ரத்தம் கசிந்தது. அரைக் குடத்தோடு வந்து மரத்தடியில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

விழித்தபோது சாமி கீழே போய்க் குளித்துவிட்டு, கையில் ஒரு கட்டுச்சோற்றோடு வந்து நின்றார். மாசிலாமணி வாங்கிச் சாப்பிட்டார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. நாற்பது நாளாக எந்தச் சோறும் அவருக்கு ருசிக்கவில்லை, இதுவும் ருசிக்கவில்லை.

"அந்தா கிடக்கிற கல்லை மறுமுனையில கட்டிட்டுப் போ," என்றார் சாமி.

"இருக்கிறதையே தூக்க முடியல. இதுல இன்னும் பாரமா?"

"கட்டுய்யா."

கட்டினார். போனார். ஒரு சொட்டுச் சிந்தாமல் திரும்பி வந்தார். முகத்தில் என்ன ஒரு தெளிவு!

"புரிஞ்சுபோச்சு சாமி! இன்பமும் துன்பமும் சமமா..."

"ஆரம்பிச்சிட்டியா? வாயை மூடு."

மூடினார்.

"சுனையில ஒருத்தி உட்கார்ந்திருக்காளே, அவளோட பேசினியா?"

"எவளோ ஒருத்தி சாமி. போறப்பல்லாம் வழியை மறிச்சா. நகரச் சொன்னேன்."

"அழுதாளா?"

"பார்க்கல சாமி."

"நீ தின்ன சோறு அவ கொண்டுவந்தது. 'சாப்பிடாமப் போயிட்டாரு'ன்னு குடுத்தா. தான் வந்தது தெரிய வேண்டாம்னா."

மாசிலாமணியின் தோளிலிருந்து தண்டு நழுவியது. குடம் உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை.

"அவளுக்கும் ஒரே மகனாம்," என்றார் சாமி. "நாப்பது நாளாச்சாம்."