மரங்கொத்தியின் சிவப்புக் கொண்டை

அந்தக் காலத்தில் பொந்து என்று ஒன்று எந்தப் பறவைக்கும் தெரியாது. பேசத் தெரிந்திருந்தது, பாடத் தெரிந்திருந்தது. முட்டையை மட்டும் கிளைக் கவட்டில் வைத்துவிட்டுக் காற்றுக்குப் பயந்துகொண்டிருந்தன.

அப்படி ஒரு காற்றில்தான் மரங்கொத்தியின் மனைவியும் மூன்று முட்டைகளும் போயின.

அதற்குப் பிறகு மரங்கொத்தி யாரோடும் பேசவில்லை. பட்ட இலுப்பை மரம் ஒன்றை அலகால் தட்டிக்கொண்டே இருந்தது. தட்டிய இடம் குழிந்தது, குழி ஆழமானது. ஒரு நாள் உள்ளே போய் உட்கார்ந்தது. வெளியே மரமெல்லாம் ஆடின. உள்ளே ஓர் இறகு அசையவில்லை. பக்கத்தில் இன்னொருத்தி உட்காரவும் இடம் இருந்தது. இதை முன்பே செய்திருக்கலாமே என்று நினைத்தபடி வெகுநேரம் வெளியே வராமல் இருந்தது.

மழை தொடங்கியதும் பச்சைக்கிளி நனைந்துகொண்டு வந்தது.

"அண்ணே, வயிற்றில் முட்டையோடு நிற்கிறேன். குஞ்சு பறக்கிற வரைக்கும் உள்ளே விடுங்களேன்."

மனைவியை நினைத்துக்கொண்டு மரங்கொத்தி எழுந்து வழிவிட்டது. முட்டை கிடக்கும் இடம் முட்டையிட்டவளுக்கே சொந்தம் என்பது பறவைகளின் வழக்கம். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

குஞ்சுகள் பறந்தன. மரங்கொத்தி வாசலில் வந்து நின்றது. கிளி தலையை மட்டும் நீட்டியது.

"அதற்குள்ளாகவா அண்ணே? அடுத்த முட்டையும் இட்டாயிற்றே."

"இது நான் கொத்திய வீடு, தங்கச்சி."

"கொத்தினீர்கள், சரி. மரத்தையும் நீங்களா நட்டீர்கள்?"

வழக்கு மூத்த பறவையான செம்போத்திடம் போனது.

"உன் முட்டை எங்கே?" என்று செம்போத்து கேட்டது.

"இல்லை."

"இடுவதற்கு ஆள்?"

மரங்கொத்தி அலகால் கிளையைத் தட்டியது. கூடியிருந்த பறவைகளில் ஒன்றான மைனா சிரித்தது. "ஒண்டிக்கட்டைக்கு எதற்கப்பா வீடு? கிளையில் ஒட்டிக்கொண்டு தூங்கினால் ஆகாதா?"

"வீடு கிளிக்குத்தான்," என்றது செம்போத்து. "ஆனால் பொந்தைக் கண்டுபிடித்தவன் நீ. உன்னைச் சும்மா அனுப்ப மாட்டோம்."

சிவந்த முருக்கம்பூவின் இதழ்களைச் சேர்த்துக் கொண்டை செய்து மரங்கொத்தியின் தலையில் சூட்டினார்கள். எல்லாரும் வாழ்த்தினார்கள். வாழ்த்தி முடித்த சூட்டோடு மைனா கிட்டே வந்து, "அண்ணே, அடுத்த பொந்து எந்த மரத்தில்?" என்றது.

கொண்டை நன்றாக இருக்கிறதா என்று கேட்க மரங்கொத்திக்கு ஆள் இல்லை. இன்னொரு பட்ட மரத்தைத் தேடிப் பறந்து போனது.

அன்று முதல்தான் மரங்கொத்தியின் தலையில் சிவப்புக் கொண்டை இருக்கிறது. ஆண்டுதோறும் அது புதிதாக ஒரு பொந்து குடைகிறது, பழைய பொந்திலிருந்து வேறு யாரோ எட்டிப் பார்க்கிறார்கள்.