உள்ளே போன தோட்டா

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப்பில் பெர்பெத்துவா என்று ஒரு குரு இருந்தாள். வயது முப்பதுதான். அவளிடம் சுடக் கற்றுக்கொண்ட சீடரோ ஐம்பதைத் தாண்டிய இரும்புக்கடைக்காரர் ஆவுடையப்பன். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் கிளப்பே சிரித்தது.

அண்ணாச்சிக்கு ஒரே ஓர் ஆசை. மாவட்ட அணியின் சட்டையை ஒரு தடவையாவது போட்டுவிட வேண்டும். அதற்கான தேர்வு அன்றைக்குக் காலையில். பெர்பெத்துவா தன் சொந்தத் துப்பாக்கியையே அவர் கையில் கொடுத்திருந்தாள்.

அந்தத் துப்பாக்கியில் ஒரு சங்கதி உண்டு. தோட்டா உட்காரும் அறை வெகு இறுக்கம். மற்ற துப்பாக்கிகளில் எல்லாம் தோட்டா வழுக்கிக்கொண்டு போகும். இதில் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். பின்பக்கத் தாழ்ப்பாளான போல்ட்டை மூடினால், தோட்டா முனையிலுள்ள ஈயத்தின் மூக்கு குழாய்க்குள் வெட்டியிருக்கும் வரிகளைப் போய்க் கடித்துக்கொள்ளும்.

அண்ணாச்சி சுடுவதற்குப் படுத்து, முதல் தோட்டாவை ஏற்றி, மூச்சை அடக்கிய நேரம் பார்த்துக் கிளப் செயலாளர் தங்கப்பழம் தலைமாட்டில் வந்து நின்றார்.

"ஓய், எந்திரியும்."

"ஏன் சார்?"

"கிளப்புல எல்லாத் துப்பாக்கியையும் கடைசல் பட்டறையில குடுத்து அறையை அகலமாக்கியாச்சு. எந்தத் தோட்டாவைப் போட்டாலும் முழுங்குது. இது ஒண்ணுதான் முரண்டு பிடிக்குது. நீரும் அகலமாக்கிக் கொண்டாரும், கண்ணை மூடிக்கிட்டு அணியில உம்ம பேரைப் போடுதேன். இப்ப தோட்டாவை வெளியே எடும்."

அண்ணாச்சி குருவைப் பார்த்தார். கடைக்காரர் அல்லவா, பெரிய மனுஷன் சொன்னால் கேட்டே பழகிய கை. போல்ட்டைப் பின்னால் இழுத்தார்.

பித்தளைக் கூடு மட்டும்தான் வந்தது. ஈயம் உள்ளேயே கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வெடிமருந்து பொலபொலவென்று துப்பாக்கிக்குள் கொட்டியது. வரிசையில் படுத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"பாத்தீரா லெட்சணத்தை?" என்றார் தங்கப்பழம்.

வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் விசிலை ஊதி எல்லோரையும் நிறுத்தினார். மற்றவர்கள் தங்கள் தோட்டாக்களைச் சுளுவாக உருவி வைத்தார்கள். அண்ணாச்சிக்கு அவமானத்தில் காது சுட்டது.

பெர்பெத்துவா துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். குழாயின் முன்வாய் வழியாகக் கம்பியை விட்டு ஈயத்தைப் பின்னால் தள்ளி எடுத்தாள். சிதறிக் கிடந்த மருந்தைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். கொஞ்சம்கூட அவசரப்படவில்லை.

"மேடம், கோவிச்சுக்கிடாதீங்க. கொஞ்சூண்டு அகலமாக்கினாத்தான் என்ன? குடி முழுகியா போயிரும்? என் பேரு வந்திரும்லா?"

அவள் அந்த ஈயத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்தில் படுத்திருந்தவர் உருவிய தோட்டாவையும் வாங்கி அதன் அருகில் வைத்தாள்.

"ரெண்டும் உள்ள போயிட்டு வந்ததுதான். நல்லாப் பாருங்க."

அண்ணாச்சி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். ஈயத்தின் மூக்கைச் சுற்றி மெல்லிய கோடுகள் பதிந்திருந்தன.

"இதுல கோடு விழுந்திருக்கு."

"அதுல?"

"மழமழன்னு இருக்கு. ஒரு கீறல் இல்ல."

"உள்ள போனதுக்கு ஒரு அடையாளமும் இல்ல, என்ன?"

தங்கப்பழம் பொறுமை இழந்தார்.

"பாடம் போதும்மா. பட்டறைக்காரனை வரச் சொல்லட்டுமா?"

"என் துப்பாக்கியில பட்டறைக்காரன் உளி படணும்னா, முதல்ல என் கையை முறிச்சிட்டு அவனைக் கூப்பிடுங்க," என்றாள் பெர்பெத்துவா. அவள் குரல் உயரவே இல்லை. பிறகு நடுவரைப் பார்த்து, "இறுக்கமான அறைக்கு விதியில தடை இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"அப்படி ஒண்ணும் இல்லையே. சுடுறவர் இஷ்டம்," என்றார் நடுவர்.

மறுபடியும் விசில் ஊதியது. சுடலாம். அண்ணாச்சி படுத்தார். கட்டைவிரலால் இன்னொரு தோட்டாவை அழுத்தி ஏற்றினார். போல்ட் முரண்டு பிடித்தது, பிறகு மூடிக்கொண்டது.

தங்கப்பழத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். சுட அனுமதித்த நடுவரை ஒன்றும் செய்ய முடியாதே, அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. குனிந்து அண்ணாச்சியின் காதருகே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நடுவர் சாயங்காலம் பஸ் ஏறிருவாரு. பேரு எழுதுத பேனா என்கிட்டதான் இருக்கு. இப்ப நீரு சுட்டீரு, இந்த ஜென்மத்துல உமக்கு அந்தச் சட்டை கிடையாது. மரியாதையா வெளியே எடும்!"

அண்ணாச்சிக்குப் பயம்தான், சந்தேகமே இல்லை. இத்தனை வருஷம் ஆசைப்பட்ட சட்டை, ஒரு தலையாட்டலில் கிடைக்கும். கை போல்ட்டின் மேல் போய் நின்றது.

"மேடம், இப்ப நான் என்ன செய்ய?"

பெர்பெத்துவா அவர் அருகில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"பின்னால வரணும்னா பாதியை உள்ள விட்டுட்டுத்தான் வரணும் அண்ணாச்சி. முழுசாப் போகணும்னா முன்னால மட்டும்தான் வழி."